மலைப் பள்ளியில் தேசிய விழா: பெற்றோரைத் தயார்செய்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் 15க்கு ஜூலை கடைசியிலேயே டான்ஸுக்கு எந்தப் பாட்டு, பேச்சு யாருக்கு, மைக் செட் யாரிடம் எடுப்பது என்று ஸ்டாஃப் ரூமில் பேச ஆரம்பித்துவிடுவோம். வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன சொல்வது, எப்போது சொல்வது என்பதை மட்டும் கடைசி இரண்டு நாள் வரைக்கும் யாரும் யோசிப்பதில்லை. விழா அன்று மேடையில் ஒரு குழந்தை குளிரில் நடுங்குகிறது, ஒன்று அழுகிறது, ஒன்று வரவே இல்லை என்றால், வீட்டுக்கு என்ன செய்தி போனது என்று முதலில் பாருங்கள், காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நீலகிரியில் தொடக்கப் பள்ளிகளில் வேலை செய்கிறவர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கும் நிறையவே பொருந்தும்.

எல்லாத் தவறுக்கும் தாய்த் தவறு, தாமதமாகச் சொல்வது. 13ஆம் தேதி சாயங்காலம் டைரியில் "வெள்ளைச் சட்டை, பச்சைப் பாவாடை, ஆரஞ்சு துப்பட்டா" என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். பிள்ளையின் அம்மா தேயிலைத் தோட்டத்தில் இலை பறித்து, எடை போட்டுவிட்டு, வீடு வந்து சேர இருட்டிவிடும். அதற்குமேல் கடைவீதிக்குப் போக அந்த ஹட்டியிலிருந்து, அதாவது மலைக் கிராமத்திலிருந்து, பஸ் கிடையாது, போனாலும் கடை திறந்திருக்காது. கேரட் அறுவடைக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார்கள், டைரியைப் புரட்டிப் பார்ப்பது அக்காவோ பாட்டியோதான். அதனால் இரண்டு வாரம் முன்னாடியே சொல்லிவிட வேண்டும், ஒரு வாரம் கழித்து ஞாபகப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். செய்தியில் இருக்க வேண்டியது குழந்தை வந்து சேர வேண்டிய நேரம், நிகழ்ச்சி முடியும் நேரம், என்ன உடை, எதை வாங்க வேண்டாம், சந்தேகம் என்றால் யாரைக் கூப்பிடுவது. எதை வாங்க வேண்டாம் என்பதை நாம் எழுதுவதே இல்லை, அதனால்தான் பாவம் சிலர் இருக்கிற காசைப் போட்டு ஷூவும் வளையலும் வாங்கிவிடுகிறார்கள்.

சொல்லும் மொழியையும் யோசியுங்கள். ஒரே வகுப்பில் படுகர்களின் படுகு மொழி பேசும் வீடு, மலையாளம் பேசும் வீடு, கன்னட வீடு, பணியர் வீடு, அரசுத் தேயிலைக் கழகமான டேன்டீயின் குடியிருப்பில் இருக்கும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் வீடு எல்லாம் இருக்கும். இப்போது தேயிலைத் தோட்ட வேலைக்கு ஜார்க்கண்ட், அசாம் பக்கமிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் நம் வகுப்பில் இருக்கிறார்கள். அச்சடித்த தமிழ்ச் சுற்றறிக்கை தமிழ் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு எந்த உபயோகமும் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ், அவர்கள் மொழி தெரிந்த இன்னொரு பெற்றோரைப் பேசச் சொல்லி அனுப்பினால் போதும். போனே இல்லாத, தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லியனுப்பலாம், சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

பணம். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். வாடகை டிரஸ் எடுப்பது தினக்கூலி வீட்டுக்குச் சின்னச் செலவு இல்லை, அதிலும் இரண்டு பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்தால் இரண்டு பேருக்கும் எடுக்க வேண்டும். "யாருக்கெல்லாம் டிரஸ் எடுக்க முடியும், கையைத் தூக்குங்கள்" என்று வகுப்பில் கேட்கவே கூடாது. கை தூக்காத பிள்ளைக்கு விழா அன்று காய்ச்சல் வந்துவிடும், உண்மையில் வந்திருக்காது. எல்லோர் வீட்டிலும் இருப்பது எதுவோ அதை வைத்து நிகழ்ச்சியைத் திட்டமிடுங்கள். அரசுப் பள்ளி என்றால் விலையில்லாச் சீருடை இருக்கிறது, அதன்மேல் மூன்று வண்ணத்தில் துணிப்பட்டையோ காகிதப் பூவோ குத்தினால் மேடையில் அழகாகவே இருக்கும். வேஷம் கட்டாயம் வேண்டுமென்றால் பள்ளியிலேயே ஒரு பெட்டி வைத்துக்கொள்ளலாம். பாரதியார் தலைப்பாகை, வ.உ.சி. கோட்டு, வேலு நாச்சியார் சேலை எல்லாம் ஒருமுறை சேர்த்துவிட்டால் பல வருடம் வரும்.

அப்புறம் குளிர். காந்தி வேஷத்தில் மேல்சட்டை இல்லாமல், மொட்டைத் தலைக்கு ரப்பர் தொப்பி மாட்டி, ஜனவரி 26 காலையில் ஊட்டி மைதானத்தில் ஒரு ஒன்றாம் வகுப்புப் பையனை நிறுத்துவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த மாதத்தில் காந்தல், தலைக்குந்தா பக்கம் விடிகாலையில் புல்மேல் உறைபனி படிந்திருக்கும், வெயில் ஏறினாலும் நிழலில் விறைக்கும். தோல் நிறத்தில் முழுக்கை பனியன் போட்டு அதன்மேல் வேட்டியைக் கட்டினால் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. மேடை ஏறும் வரைக்கும் ஸ்வெட்டரும் குல்லாவும் இருக்கட்டும் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் டிரஸ் கசங்கிவிடும் என்று அம்மாக்களே கழற்றிவிடுகிறார்கள். வெறுங்காலில் ஆட வேண்டிய நடனத்தை மலையில் எடுக்கவே வேண்டாம்.

ஆகஸ்டில் கஷ்டம் வேறு மாதிரி. 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்தது, சுதந்திர தினத்துக்குச் சரியாக ஒரு வாரம் முன்னாடி. அவ்வளவு வராவிட்டாலும் கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் அந்த மாதம் நனையாமல் யாரும் பள்ளிக்கு வர முடியாது. கலெக்டர் மழை விடுமுறை அறிவித்தால் நம் ஒத்திகை நாள் மூன்றும் போய்விடும். ஆகையால் மூன்று நடனம் என்று ஆசைப்படாமல் ஒன்று வைத்து, வராண்டாவிலும் ஆடக்கூடிய மாதிரி அமைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குச் சொல்ல வேண்டியது இது: வேஷத்தைப் பையில் போட்டு அனுப்புங்கள், பிள்ளை சாதாரண உடையில் மழைக்கோட்டு போட்டு வரட்டும், ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸும் ஒரு துண்டும் கூடவே இருக்கட்டும். வேஷம் போட்டு நடத்திக் கூட்டி வந்தால் பள்ளிக்கு வரும்போதே பாதி கரைந்து, மீசை தாடைக்கு வந்திருக்கும்.

காலைச் சாப்பாட்டைப் பற்றி யாருமே பேசுவதில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது, ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் பள்ளியில்தான் காலையில் சாப்பிடுகிறார்கள். பெற்றோரும் அதற்குப் பழகிவிட்டார்கள். ஆனால் 15ஆம் தேதி அரசு விடுமுறை, அன்று அந்த உப்புமாவும் பொங்கலும் இருக்காது. இதை யாரும் சொல்லாததால் பிள்ளை டீத்தண்ணியோடு வந்து நிற்கிறது, தலைவர்கள் பேசி முடிப்பதற்குள் ஒன்றிரண்டு பிள்ளைகள் மயங்கி உட்கார்ந்துவிடுகிறார்கள். "அன்று பள்ளியில் சாப்பாடு கிடையாது, சாப்பிட வைத்து அனுப்புங்கள்" என்ற ஒரு வரி செய்தியில் கட்டாயம் இருக்க வேண்டும். அதோடு பள்ளியில் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் வெந்நீரும் தயாராக இருக்கட்டும். மிட்டாயைக் கடைசியில் கொடுக்கலாம்.

நேரத்துக்கு வருவோம். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டு நாளும் ஊராட்சிகளில் கிராம சபை நடக்கும். அதற்குப் போக வேண்டிய பெற்றோரை நம் நிகழ்ச்சியில் பன்னிரண்டு மணி வரை உட்கார வைப்பது சரியில்லை, அவர்கள் அங்கே போய்ப் பேசினால்தான் பள்ளிக்குத் தண்ணீரும் சுற்றுச்சுவரும் வரும். ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம், சிறப்பு விருந்தினர் தாமதம் என்றால் அவர் இல்லாமலே ஆரம்பியுங்கள். லீவு நாளில் சுற்றுலா வண்டிகள் நிறைந்து பஸ் ஊர்ந்துதான் வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பேத்தி ஆடுவதைப் பார்க்க மேட்டுப்பாளையத்திலிருந்தோ கோவையிலிருந்தோ தாத்தா பாட்டி காரில் வருவதாக இருந்தால், வெளியூர் வண்டிகள் நீலகிரிக்கு வர 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸை முன்கூட்டியே எடுத்துவிடச் சொல்லுங்கள், நீலகிரிப் பதிவெண்ணான டி.என் 43 வண்டிக்குத்தான் அது தேவையில்லை. கல்லாறு சோதனைச் சாவடியிலோ குஞ்சப்பனைச் சாவடியிலோ நின்று போனில் பதிவு செய்துகொண்டிருந்தால் நடனம் முடிந்துவிடும்.

ஒத்திகையைப் பள்ளி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நாலரை மணிக்குமேல் மூடுபனி இறங்கிவிடும், கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேயிலைக்குள் காட்டெருமையும் கரடியும் நடமாடும், கூடலூர் பக்கம் யானை. இன்னும் ஒரு தடவை ஆடிப் பார்க்கலாம் என்று பிள்ளைகளை ஐந்து மணிக்கு விட்டால், அம்மா வேலையிலிருந்து நேராகக் கூட்டிப்போக ஓடி வர வேண்டியிருக்கும், அரைநாள் கூலியும் போகும்.

பேச்சுப் போட்டி மாதிரி மூன்று பக்கம் யூடியூபிலிருந்து எழுதிக் கொடுத்து, வீட்டில் மனப்பாடம் செய்ய வைக்கச் சொல்வது இன்னொரு கொடுமை. ஏழு வயதுக்கு ஐந்தாறு வரி தாராளம், அதுவும் பிள்ளைக்குப் புரிந்த வரியாக இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் யார் சொல்லிக் கொடுப்பார்கள்? வீட்டில் இருப்பவர்களால் கொடுக்க முடிந்ததைக் கேளுங்கள். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து இந்த மலைக்கு வந்து சேர்ந்த பாட்டிகள் இன்னும் நம் ஊரில் இருக்கிறார்கள். குடியுரிமை என்பது அந்த வீட்டில் டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் காகிதம். அந்தப் பாட்டிக்கு விருப்பம் இருந்தால் பேரன் அந்தப் பயணத்தை நான்கு வரியில் சொல்லட்டும், விருப்பம் இல்லையென்றால் வற்புறுத்தக் கூடாது. வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்ட் மையம் இருப்பதால் சுற்றுவட்டாரத்தில் ஓய்வுபெற்ற ராணுவத்தினர் நிறையப் பேர், கூப்பிட்டால் வந்து பிள்ளைகளிடம் பேசுவார்கள். 1934இல் காந்தி தீண்டாமை ஒழிப்புக்கான ஹரிஜன நிதிக்காக வந்தபோது குன்னூரில் தங்கினார், கோத்தகிரிக்கும் ஊட்டிக்கும் போனார் என்பதே இங்குள்ள பல பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிந்த ரோடு, தெரிந்த ஊர் என்று சொல்லும்போது அந்த முகம் மலர்வதைப் பாருங்கள்.

இரண்டு வேஷங்களை அறவே தவிர்க்க வேண்டும். ஒன்று "ஆதிவாசி" வேஷம். முகத்தில் கரி பூசி, இலைதழை கட்டி, ஹோ ஹோ என்று கத்த வைப்பது எங்கே நடந்தாலும் தப்பு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடி மக்களும் வாழும் மாவட்டத்தில், அந்தப் பிள்ளைகள் கீழே உட்கார்ந்து பார்க்கும்போது அதைச் செய்வது பெரிய கொடுமை. அவர்கள் வீட்டில் கேளுங்கள், அவர்கள் ஆட்டத்தை அவர்கள் விரும்பினால் அவர்கள் உடையில் அவர்களே ஆடட்டும். தோடர்கள் போர்த்தும் பூத்துக்குளி மாதிரி போலிச் சால்வை தைத்து மற்ற பிள்ளைகளுக்குப் போர்த்துவதும் வேண்டாம், தோடர் எம்பிராய்டரிக்கு 2013இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, அது அவர்களுடையது. இன்னொன்று, நாடகத்தில் எதிரியாக வருகிறவனுக்கு ஏதாவது ஒரு மதத்தின் தொப்பியோ தாடியோ வைப்பது. அந்த மதத்துப் பிள்ளை அதே வகுப்பில்தான் இருக்கிறது, அதன் அப்பா பின்வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

விழாவுக்கு வரும் பெற்றோருக்கும் ஒரு சின்னத் தயாரிப்பு வேண்டும். தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி, 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது, எழுந்து நிற்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் விலக்கு. தேசிய கீதம் சுமார் 52 விநாடி. இந்த இரண்டு நேரத்திலும் போனில் வீடியோ எடுக்க முண்டியடித்து முன்னால் வராமல் நிற்கச் சொல்லுங்கள், நடனத்துக்கு இடம் விட்டுத் தருவோம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள், கேட்பார்கள். வரிகளை வீட்டுக்கு எழுதி அனுப்பினால் பல அப்பாக்கள் கூடவே பாடுவார்கள்.

கடைசியாகக் கொடி. பிளாஸ்டிக் கொடி வாங்கி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை, 2022 ஜூலையிலிருந்து நாடு முழுக்கத் தடை. காகிதக் கொடி அசைக்கலாம். கொடியில் பெயரோ வாசகமோ எழுதக் கூடாது, காவி மேலே இருக்க வேண்டும். மூன்று வண்ணத்தில் உடை போடுவது வேறு, கொடியையே பாவாடையாகத் தைப்பது வேறு. இடுப்புக்குக் கீழே கொடியை உடுத்துவதை 2002 கொடி விதித்தொகுப்பு அனுமதிப்பதில்லை. விழா முடிந்ததும் காகிதக் கொடிகள் சேற்றில் மிதிபடும், அதுவும் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. வாசலில் ஒரு அட்டைப்பெட்டி வைத்து, வெளியே போகும்போது எல்லோரும் அதில் போட்டுவிட்டுப் போகட்டும், பிறகு பள்ளி அதைத் தனியாக மரியாதையாக அகற்றிவிடலாம்.

வேலைக்குப் போவதால் விழாவுக்கு வர முடியாத அம்மாக்களின் பட்டியல் ஒன்றை முன்னாடியே எடுத்து வையுங்கள். அந்தப் பிள்ளைகளின் பங்கை மட்டும் தனியாக வீடியோ எடுத்து அன்று இரவே அவர்கள் போனுக்கு அனுப்பிவிடுங்கள், பொது குரூப்பிலோ ஃபேஸ்புக்கிலோ போடுவதென்றால் பெற்றோரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.