ஒரு வாளி வெந்நீர்: மலைவீட்டு எரிபொருள் கணக்கு

விறகு கிலோவில் வருகிறது, கேஸ் சிலிண்டரில் வருகிறது, கரண்ட் யூனிட்டில் வருகிறது, வெயில் அளவே இல்லாமல் வருகிறது. விலைச்சீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மலிவு என்று சொல்லிவிட முடியாது. எல்லாவற்றையும் ஒரே வேலைக்கு இறக்கிப் பார்க்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் அதற்குத் தோதான வேலை, குளிக்க ஒரு வாளி வெந்நீர்.

வாளி 20 லிட்டர். மார்கழிக் காலையில் தொட்டித் தண்ணீர் 12 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குளிக்க 42 போதும். ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோகலோரி வேண்டும். ஆக 20 × 30 = 600 கிலோகலோரி. இது தண்ணீருக்குள் போய்ச் சேர வேண்டிய வெப்பம் மட்டும். புகையோடும் அடுப்பைச் சுற்றியும் போவது தனி. உங்கள் தொட்டியில் தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்து அந்த எண்ணைப் போடுங்கள். தாண்டிக்குடி மாதிரி உயரம் குறைந்த மலையூரில் தண்ணீர் 18 டிகிரி இருந்தால் 480 தான் வரும்.

600-ஐ எரிபொருளின் வெப்பத்தாலும் அடுப்பின் திறனாலும் வகுத்தால் ஒரு வாளிக்கு ஆகும் அளவு கிடைக்கும்:

கேஸ்: கிலோவுக்குச் சுமார் 11,000 கிலோகலோரி. நல்ல பர்னரில் 60 சதவீதம் பாத்திரத்துக்குப் போகும். வாளிக்கு 90 கிராம்.
கரண்ட்: யூனிட்டுக்கு 860. வாட்டர் ஹீட்டர் ராடில் பெரும்பாலும் தண்ணீருக்கே போகிறது. வாளிக்கு முக்கால் யூனிட்.
காய்ந்த விறகு: 15 சதவீத ஈரத்தில் கிலோவுக்கு 3,600. மூன்று கல் அடுப்பில் 12 சதவீதம்தான் பிடிக்கும், 1.4 கிலோ ஆகும். புகைபோக்கி வைத்த நல்ல அடுப்பு 25 சதவீதம் தந்தால் 700 கிராமுக்குள் முடிந்துவிடும்.
பச்சை விறகு: 45 சதவீத ஈரத்தில் 2,150. அதே மூன்று கல்லில் திறனும் 8 சதவீதத்துக்கு இறங்கும். 3.5 கிலோ.
சாண எரிவாயு: கன மீட்டருக்கு 5,000. பர்னரில் 55 சதவீதம் பாத்திரத்துக்குப் போகும். வாளிக்கு 0.22 கன மீட்டர், அதாவது ஐந்தரை கிலோ சாணம்.

இதை உங்கள் ஊர் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். கரண்டுக்கு மட்டும் சராசரி விலையைப் போடாதீர்கள். இருமாதக் கணக்கில் முதலில் ஒரு அளவு வரை யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக ஏறும். வெந்நீருக்காகக் கூடும் யூனிட் உங்கள் வீட்டில் எந்தப் படியில் விழுகிறதோ அந்த விலைதான் கணக்கு.

லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் மாலையில் வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் 1,500 வாட் ராட் 900 வாட் சொச்சமாகத்தான் வேலை செய்யும். அரை மணி வேலை 50 நிமிடம் இழுக்கும். யூனிட் அதனால் பெரிதாக ஏறாது. திறந்த வாளியிலிருந்து ஆவியாகப் போவதுதான் நஷ்டம். ராடை எடுத்ததும் வாளியை மூடிவிடுங்கள். பிளாஸ்டிக் வாளி, எர்த் உள்ள பிளக், சுவிட்சை அணைத்த பிறகே தண்ணீரில் கை: இந்த மூன்றையும் விடக்கூடாது.

மேலே உள்ள எண்களில் மலைக்காரர் கவனிக்க வேண்டியது விறகின் இரண்டு வரி. அதே மரம், அதே அடுப்பு. ஈரத்தால் மட்டும் இரண்டரை மடங்கு செலவு. ஈரத்தைச் சமையலறைத் தராசிலேயே அளக்கலாம். கட்டையின் நடுவிலிருந்து ஒரு சிறு துண்டு பிளந்து எடுங்கள் (மேல்பட்டை சீக்கிரம் காய்ந்து ஏமாற்றும்). 200 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுப்புக்கு மேலே பரணில் வைத்து, தினமும் எடைபோட்டு, எடை இறங்குவது நிற்கும் வரை விடுங்கள். 110-ல் நின்றால் போனது 90 கிராம் தண்ணீர், 45 சதவீதம். 170-ல் நின்றால் 15 சதவீதம், எரிக்கலாம். பரண் முழுதாக உலர்த்தாது, நிஜ ஈரம் கொஞ்சம் கூடவே இருக்கும். கட்டைகளை ஒப்பிட இது போதும்.

கற்பூர மரத்தை (யூகலிப்டஸ்) பச்சையிலேயே பிளந்துவிடுங்கள். காய்ந்தபின் கோடாலிக்கு அடங்காது. சீகை மரமும் (வாட்டில்) தேயிலைக் கவாத்துக் கட்டையும் நல்ல விறகு. மணிக்கட்டுத் தடிமனுக்குப் பிளந்து, தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கங்களைத் திறந்து அடுக்குங்கள். நாலு பக்கமும் தார்ப்பாய் சுற்றிக் கட்டுவதுதான் இங்கே வழக்கமான தவறு: உள்ளே வேர்த்து, பூசணம் பிடித்து, ஆறு மாதம் கழித்தும் பச்சையாகவே இருக்கும். தையில் அடுக்கினால் சித்திரைக்குள் காயும். ஈர விறகை எரித்தால் புகைபோக்கியில் தார் படியும், ஒரு நாள் அதுவே தீப்பிடிக்கும். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் சுரண்டிவிடுங்கள்.

விறகு புதுப்பிக்கத்தக்கது என்பது பாடப்புத்தகத்தில் சரி. தினம் 5 கிலோ எரிக்கும் வீடு ஆண்டுக்கு 1.8 டன் எரிக்கிறது. அந்த அளவு உங்கள் வேலியோரத்திலும் கவாத்திலும் ஆண்டுதோறும் திரும்ப வளர்ந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். சோலைக்காட்டு மரத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. சொந்த நிலத்து மரமானாலும் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், 1955 இருக்கிறது. வெட்டுவதற்கு முன் அனுமதி விவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கரண்ட் விஷயத்திலும் ஒரு மயக்கம் உண்டு. பைக்காரா நீர்மின் நிலையம் 1932 முதல் ஓடுகிறது, பிறகு குந்தா வந்தது. அதனால் 'நம்ம கரண்ட் தண்ணி கரண்ட்' என்று நினைப்போம். லைனில் நெய்வேலி பழுப்பு நிலக்கரியும் கூடங்குளம் அணுமின்சாரமும் கலந்துதான் வருகின்றன. நாட்டின் சராசரி யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு. ஒரு வாளிக்கு அரை கிலோவுக்கு மேல். கேஸில் அதே வாளிக்கு 270 கிராம் சொச்சம். கேஸ் தீர்ந்துபோகும் எரிபொருள்தான், ஆனாலும் வெந்நீர் என்ற இந்த ஒரு வேலையில் புகைக் கணக்கு ராடைவிடக் குறைவு.

சாண எரிவாயு கலனைச் சமவெளிக் கணக்கில் கட்டினால் ஏமாற்றம்தான். 35 டிகிரியில் நுண்ணுயிர் நன்றாக வேலை செய்யும், 15-க்குக் கீழே சோம்பும், 10-க்குக் கீழே ஏறத்தாழ நின்றுவிடும். சாணம் கலனுக்குள் தங்க வேண்டிய நாளை வெப்பமான ஊருக்கு 30, 40 என்றும் குளிர்ந்த மலைக்கு 55 என்றும் வைப்பார்கள். அதே வாயுவுக்குக் கலன் பெரிதாக வேண்டும். கூடலூர், தாண்டிக்குடி உயரத்தில் கட்டலாம். தலைக்குந்தா மாதிரி உறைபனி விழும் இடத்தில் கட்டாதீர்கள். ஒரு கன மீட்டருக்கு 25 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர். பனிக்காலத்தில் வெயிலில் வைத்த தண்ணீரில் கரைத்து, கலன் மேல் வைக்கோல் மூடாக்கு போடுங்கள்.

வெயிலில் வெந்நீர் போட நினைப்பவர் சோலார் ஹீட்டரில் கண்ணாடிக் குழாய் மாடலை வாங்குவது நல்லது. செப்புக் குழாய்த் தட்டு மாடலில் இரவில் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும். வைப்பதற்கு முன் மார்கழியில் ஒரு நாள் காலை 9 முதல் 3 வரை அந்த இடத்தில் நிழல் விழுகிறதா என்று பாருங்கள்; தெற்கே ஒரு சில்வர் ஓக் போதும், பாதி வெயிலைத் தின்றுவிடும். தெற்குப் பார்த்து, 20, 25 டிகிரி சாய்வு. காலியான குழாயில் நண்பகலில் தண்ணீர் விட்டால் கண்ணாடி விரியும், விடிகாலையில் நிரப்புங்கள். குளியலறை வரை 10 மீட்டர் அரை அங்குலக் குழாய் என்றால், ஒவ்வொரு முறையும் ஒன்று முதல் 2 லிட்டர் வரை குளிர்ந்த நீர் முதலில் வரும். குழாய்க்கு உறை போடாவிட்டால் வரும் வழியிலும் ஆறும்.

மேகம் மூடும் மாதங்களுக்குத் துணை எரிபொருள் கட்டாயம் வேண்டும். நீலகிரியின் மேற்குப் பக்கத்துக்கு ஆனி முதல் ஆவணி வரை, கொடைக்கானலுக்கு ஐப்பசி, கார்த்திகை. அந்த மாதங்களுக்குத்தான் காய்ந்த விறகைச் சேர்த்து வைப்பது.

கரி மிஞ்சினால் கணப்புச் சட்டியில் போட்டு அறைக்குள் கொண்டுபோகும் பழக்கம் இருக்கிறது. கரியில் புகை தெரியாது, கார்பன் மோனாக்சைடு இருக்கும், அதற்கு மணமும் கிடையாது. சன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தால் போதும் என்பது தவறு. கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டுவதும் அதே ஆபத்து. அது வெளிச்சுவரில் இருக்க வேண்டும். கணப்பு திண்ணையிலேயே இருக்கட்டும். வெந்நீர்ப் பையோடு உள்ளே போய்ப் படுங்கள்.