ராவென்னாவில் மொசைக் ஓவியங்களைப் பார்க்கும் முறை

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ராவென்னாவின் பழைய தேவாலயங்கள் அலங்காரமற்ற செங்கல் கட்டடங்களாகவே தோன்றும். 402ஆம் ஆண்டில் மேற்கு ரோமானியப் பேரரசின் தலைநகரான இந்த இத்தாலிய நகரம், தன் பெருமையை எல்லாம் உட்சுவர்களில் மொசைக்காக, அதாவது சிறு வண்ணச் சில்லுகளால் ஆன ஓவியங்களாக, பதித்து வைத்திருக்கிறது. பொலோஞாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும் என்பதால் பலர் அரை நாளில் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள்; ஓர் இரவு தங்குவதே நல்லது.

சான் வித்தாலே தேவாலயம், ரோமானிய அரசி கல்லா பிளாசிதியாவின் பெயர் தாங்கிய கல்லறை மண்டபம், சான்த் அப்பொல்லினாரே நுவோவோ தேவாலயம் முதலியவற்றுக்குச் சேர்த்து ஒரே நுழைவுச்சீட்டு உண்டு. கல்லறை மண்டபத்தில் சில நிமிடங்களே நிற்க விடுவார்கள் என்பதால், நேரத்தை முன்பதிவு செய்துகொண்டு, அதைச் சுற்றியே மற்றவற்றைத் திட்டமிட வேண்டும். தோளை மறைக்கும் உடையும் ஒரு சிறிய பைனாகுலரும் அவசியம்.

மண்டபத்துக்குள் நுழைந்தவுடன் ஒன்றும் தெரியாது. ஒளி ஊடுருவும் அலபாஸ்டர் கல் பதித்த சன்னல்களின் மங்கிய தேன்நிற ஒளிக்குக் கண் பழகிய பிறகுதான், கருநீலக் கூரையில் பொன் விண்மீன்கள் ஒவ்வொன்றாய்த் தெளியும். எதிர்ச்சுவரில் இருக்கும் புனித லாரன்சின் உருவத்தையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் திரும்பி, வந்த வாசலுக்கு மேலே பாருங்கள். தாடியில்லாத இளம் மேய்ப்பராக அமர்ந்திருக்கும் கிறிஸ்து, ஓர் ஆட்டின் முகத்தை வருட வலக்கையை நீட்டியிருப்பார்.

அருகிலேயே இருப்பது 547இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் வித்தாலே. பலிபீடத்தின் இடப்பக்கம் பைசாந்திய (கிழக்கு ரோமானிய) பேரரசர் ஜஸ்டினியனும் வலப்பக்கம் அரசி தியோதோராவும் பரிவாரங்களுடன் நிற்கிறார்கள். அரசியின் அங்கியின் கீழ்விளிம்பில் குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ஞானியர் காணிக்கை ஏந்திச் செல்வதைப் பைனாகுலரில் பாருங்கள். பொன் தாளைக் கண்ணாடிக்குள் வைத்துச் செய்த சில்லுகளைச் சமமாகப் பதிக்காமல் சற்றே சாய்த்துப் பதித்திருப்பதால், நீங்கள் ஓரடி நகர்ந்தாலும் சுவரின் மினுக்கம் மாறும்.

சான்த் அப்பொல்லினாரே நுவோவோவை, கோத்து அரசர் தியோதொரிக் தம் அரண்மனைக் கோவிலாகக் கட்டினார். பின்னர் நகரைக் கைப்பற்றிய பைசாந்தியர் காலத்தில், சுவர் மொசைக்கின் அரண்மனைக் காட்சியிலிருந்த உருவங்களைப் பெயர்த்தெடுத்துவிட்டுத் திரைச்சீலைகளைப் பதித்தார்கள். வேலை முழுமையாக முடியவில்லை போலும்: தூண்களின் மேல் உடலற்ற கைகள் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வரிசையாக நிற்கும் புனிதர்களைவிட எனக்கு அந்தக் கைகளே பெரிதாகப் படுகின்றன.

மதிய உணவுக்குப் பியாதீனா போதும். கல்லில் சுட்ட மெல்லிய கோதுமை ரொட்டியை, ஸ்குவாக்குவெரோனே என்னும் குழைந்த பாலாடைக்கட்டியுடன் சூடாக மடித்துத் தருவார்கள். மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம் என்பதால், சைவ உணவினர் ஆலிவ் எண்ணெயில் செய்ததா என்று கேட்டே வாங்க வேண்டும்.

ஃபுளோரன்சிலிருந்து நாடுகடத்தப்பட்டு 1321இல் இங்கே இறந்த இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் கல்லறையை மாலையில் பார்க்கலாம். அதையடுத்த சான் ஃபிரான்செஸ்கோ தேவாலயத்தின் நிலவறையில் நிலத்தடி நீர் தேங்கியிருக்கிறது. நாணயம் போட்டு விளக்கை ஏற்றினால், பழைய மொசைக் தரையின் மேல் மீன்கள் நீந்துவது தெரியும்.

மறுநாள் காலையை, ஊருக்கு வெளியே உள்ள கிளாசேக்கு ஒதுக்குங்கள். அங்குள்ள 549ஆம் ஆண்டுத் தேவாலயத்தில் பச்சைப் புல்வெளிக்கு மேலே பெரிய சிலுவை ஒன்று இருக்கிறது. அதன் நட்டநடுவில், வெறுங்கண்ணுக்கு எளிதில் அகப்படாத அளவில், கிறிஸ்துவின் முகம் பதிந்திருக்கிறது.