கரிச்சானைச் சாம்பலாக்கும் கேமரா: பறவைப் படம் எடுப்போர் செய்யும் தவறுகள்

பறவைப் படம் எடுக்கத் தொடங்கிய முதல் குளிர்காலத்தில், வேப்பமரத்தில் உட்கார்ந்திருந்த ஒன்றை எடுத்து, "வல்லூறு" என்று எழுதி நண்பர்களுக்கு அனுப்பினேன். சாம்பல் முதுகு, வாலில் பட்டைகள், மஞ்சள் கண். வேறென்ன வேண்டும்? அதைப் பார்த்த பெரியவர் ஒருவர், "அலகைப் பார்த்தீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வல்லூறுக்கு இருக்க வேண்டிய கொக்கி அலகு இல்லை. அது அக்காக்குயில். தவிட்டுக்குருவியை மிரட்டி அதன் கூட்டில் முட்டையிடும் பறவை, வேட்டைப் பறவையின் சாயலில் இருப்பதில் ஆச்சரியமில்லை. அந்தச் சாயல் என்னையும் ஏமாற்றிவிட்டது.

தவறு எங்கே என்றால், பறவையைப் பார்ப்பதற்கு முன்பே படம் எடுத்துவிட்டேன். நிறம் தெரிந்ததும் பெயரும் தெரிந்துவிட்டதாக நினைத்தேன்.

நிறத்தை நம்புவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் மூத்தது. ஏரிக்கரையில் வெள்ளையாக நிற்பதெல்லாம் "கொக்கு" இல்லை, அதாவது ஒரே வகைக் கொக்கு இல்லை. சின்னக் கொக்குக்கு அலகு கருப்பு, கால் கருப்பு, பாதம் மட்டும் மஞ்சள். தண்ணீரில் நிற்கும்போது பாதம் தெரியாது. அது கிளம்பிப் பறக்கும் நொடிக்காகக் காத்திருக்க வேண்டும். பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் உயரத்தை வைத்துப் பிரிக்கப் பார்ப்பார்கள். தனியாக நிற்கும் பறவையின் உயரம் படத்தில் தெரியாது. பக்கவாட்டில் முகத்தை எடுங்கள்: வாய்க்கோடு (அலகு திறக்கும் கோடு) கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரியது, கண்ணுக்குக் கீழேயே நின்றால் நடுத்தரம்.

கேமராவும் நிறத்தை மாற்றும். இதைப் பலர் கவனிப்பதில்லை. கருமையான தண்ணீருக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால், கேமரா மொத்தப் படத்தையும் வெளுப்பாக்கி இறகின் கோடுகளை அழித்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் ஏறும் வெளிச்சத்தை, ஒரு படி குறைக்க வேண்டும். வானத்துக்கு எதிரே கம்பியில் உட்கார்ந்த கரிச்சான் வெறும் நிழலாக வரும். அங்கே கூட்ட வேண்டும். ஆனால் அளவுக்கு மீறிக் கூட்டினால் கருப்பு சாம்பலாகிவிடும். அப்புறம் அதையே "சாம்பல் கரிச்சான்" என்று பதிவு செய்வோம். வாயோரத்தில் சிறிய வெள்ளைப் புள்ளி இருந்தால் அது நம்ம ஊர்க் கரிச்சான்தான். சாம்பல் கரிச்சான் குளிர்காலத்தில் வருவது, கண் நன்றாகச் சிவந்திருக்கும், மரங்கள் அடர்ந்த இடத்தையே தேடும். மாட்டின் மேல் சவாரி செய்தால் சந்தேகமே வேண்டாம், கருப்புதான்.

மங்கலாக வந்த படத்தை அங்கேயே அழிக்காதீர்கள். வயலில் பழுப்பாகப் பதுங்கி நிற்கும் மடையான், பறந்தால் வெள்ளை வெளேர் என்று தெரியும். அசைந்துபோன ஒரு படம் சில சமயம் அழகான பத்துப் படங்களை விட அதிகம் சொல்லும். பறப்பதை எடுக்க கேமராவில் 1/2000 நொடி ஷட்டர் வேகம் வைத்தால் அசைவும் குறையும்.

படத்தைப் பார்த்துப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் போன்ற செயலி நல்ல துணைதான். ஆனால் வீட்டுக்கு வந்து படத்தை ஏற்றும்போது எடுத்த இடத்தையும் தேதியையும் சரியாகக் கொடுக்காவிட்டால் அது வேறு ஊர்ப் பறவைகளைக் காட்டும். ஒன்றுபோலவே தெரியும் கதிர்க்குருவிகள் விஷயத்தில் படத்தை விடக் குரலே பேசும். போனில் பத்து நொடி பதிவு செய்தால் போதும்.

கடைசியாக, எனக்குக் கோபம் வருகிற விஷயம். கூடு நன்றாகத் தெரியவேண்டும் என்று மறைத்திருக்கும் கிளையை ஒடிப்பவர்கள் இருக்கிறார்கள். நிழல் போனால் குஞ்சு வெயிலில் வாடும், காக்கைக்கு வழி தெரியும். இன்னொன்று, பறவையின் குரலை ஸ்பீக்கரில் திரும்பத் திரும்பப் போடுவது. போட்டிக்கு ஒருவன் வந்துவிட்டான் என்று நினைத்து அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். ஐப்பசி வாக்கில் வடக்கிலிருந்து களைத்து வரும் ஆறுமணிக்குருவிக்கு இது அதிகம் நடக்கிறது. அந்தப் பெயர் எதற்கு வந்தது? காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் அதுவாகவே கூப்பிடும். ஐந்தே முக்காலுக்குப் போய் ஓரமாக உட்கார்ந்திருங்கள்.