பழைய லென்ஸா? லைவ் வியூவில் மீட்டர் பாருங்கள்

கேனான் டிஎஸ்எல்ஆரில் அடாப்டர் போட்டு ஹீலியோஸ் மாதிரி பழைய எம்42 (திருகி மாட்டும் வகை) லென்ஸ் மாட்டினால், ஏவி மோடில் (துளையை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தை கேமரா பார்த்துக்கொள்ளும்) வைத்து லைவ் வியூவை (பின்திரையில் காட்சி தெரியும் முறை) ஆன் செய்தபிறகு எக்ஸ்போஷர் பாருங்கள். வியூஃபைண்டர் பக்கத்து மீட்டர் (வெளிச்சம் அளக்கும் கருவி), லென்ஸ் முழுசாகத் திறந்திருக்கும்போது ஃபோகசிங் ஸ்க்ரீனில் (வியூஃபைண்டரில் நாம் பார்க்கும் காட்சி விழும் திரை) விழும் வெளிச்சத்துக்கென்று அமைக்கப்பட்டது. பழைய லென்ஸில் வளையத்தை எஃப் 8-க்குத் திருகியதுமே துளை நிஜமாகவே சுருங்கிவிடும். கணக்கு பிசகி, படம் பெரும்பாலும் வெளுத்துப்போகும். லைவ் வியூவில் சென்சாரே நேரடியாக அளக்கிறது. ஃபோகஸை மட்டும் துளை முழுசாகத் திறந்த எஃப் 2-இல் முடித்துக்கொண்டு, பிறகு திருகுங்கள்.

மிரர்லெஸ்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, அதில் எப்போதும் சென்சார்தான் அளக்கிறது. நிக்கான் டி3500, டி5600 வைத்திருப்பவர்களுக்கு இது உதவாது: சிப் இல்லாத லென்ஸ் என்றால் அவற்றில் மீட்டரே ஓடாது, எம் மோடும் (எல்லாவற்றையும் நாமே வைப்பது) ஹிஸ்டோகிராமும்தான் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) கதி.