பழைய காரில் ப்ளோயர் சத்தம்: மோட்டாரை மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏசி போட்டதும் டேஷ்போர்டுக்குள் ‘டர்ர்ர்’ என்று சத்தம் கேட்டால், “மோட்டார் போயிடுச்சு, மாத்திடலாம்” என்ற பதில்தான் பல இடங்களில் உடனே வரும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் பொருளை மாற்றுவதுதான் அதிகம் செலவு வைக்கும் தவறு.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்புங்கள். ஏசி பட்டனை அணைத்துவிட்டு, ப்ளோயரை (டேஷ்போர்டுக்குள்ளிருந்து காற்றைத் தள்ளும் மோட்டார் ஃபேன்) 1 முதல் 4 வரை ஒவ்வொரு வேகத்திலும் வைத்துக் கேளுங்கள். சத்தம் வந்தால் கோளாறு ப்ளோயரில்தான். இன்ஜின் ஓடி, ஏசி பட்டனும் போட்டால் மட்டுமே வருகிறதென்றால் இன்ஜின் அறையிலுள்ள கம்ப்ரஸர் (ஏசி கேஸை அழுத்தும் பாகம்), அதன் கிளட்ச் பேரிங், கண்டென்சர் ஃபேன் பக்கம் தேட வேண்டும். ப்ளோயரைக் கழற்றுவதே வீண்.

ப்ளோயர்தான் என்று உறுதியானால், எந்த மாதிரிச் சத்தம் என்று கவனியுங்கள். வேகம் கூடக்கூட நெருங்கி வரும் ‘டிக் டிக்’ என்றால் ஃபேன் இதழில் இலையோ காகிதமோ படுகிறது. மாருதி 800, பழைய ஆல்டோ போன்ற கார்களில் கேபின் ஃபில்டர் (உள்ளே வரும் காற்றை வடிகட்டுவது) கிடையாது. வேப்பமரத்தடியில் நிறுத்தினால் சருகு நேரே ஃபேனுக்குத்தான் போகும். காலையில் கீச்சிட்டு, சில நிமிடங்களில் அடங்கினால் மோட்டார் புஷ் (ஷாஃப்ட் என்னும் அச்சைத் தாங்கும் வளையம்) எண்ணெயின்றிக் காய்ந்திருக்கிறது. டேஷ்போர்டே அதிர்ந்தால் ஃபேனில் மண் ஒட்டியிருக்கும், இல்லை இதழ் உடைந்திருக்கும். வளைவில் திரும்பும்போது மட்டும் உரசினால் புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடுகிறது. இந்தக் கடைசி வகைக்குத்தான் மோட்டாரை மாற்றியே ஆக வேண்டும்.

கீச்சிடும் மோட்டாருக்குள் துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடிப்பது எல்லோரும் செய்யும் தவறு. அது புஷ்ஷில் மிச்சமிருக்கும் எண்ணெயையும் கரைத்துவிடும். சத்தம் சில நாள் அடங்கி, முன்னைவிட மோசமாகத் திரும்பும். கிரீஸ், தேங்காய் எண்ணெய் இரண்டும் வேண்டாம். எண்ணெய் வழிந்து கார்பன் பிரஷ்ஷில் (மோட்டாருக்குள் கரண்ட் கடத்தும் கரித்துண்டு) பட்டால் கரித்தூள் பசையாகி, மோட்டார் சீக்கிரம் எரியும். தையல் மெஷின் எண்ணெய் ஒன்றிரண்டு சொட்டு, ஷாஃப்ட் புஷ்ஷுக்குள் நுழையும் இடத்தில் மட்டும் விடலாம். அதுவும் தற்காலிகம்தான். ஷாஃப்டை விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் எண்ணெய் விட்டுப் பயனில்லை.

பெரும்பாலான பழைய கார்களில் மோட்டார் இடதுபக்க சீட்டுக்கு முன்னால், க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் கீழ்நோக்கி இருக்கும்; சில ஸ்க்ரூக்கள்தான். கப்ளரை (வயர் செருகும் இணைப்பு) வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், பழைய பிளாஸ்டிக் பூட்டு உடைந்துவிடும். ஃபேனில் செருகியிருக்கும் சின்ன இரும்பு கிளிப்பைக் குப்பை என்று பிடுங்க வேண்டாம். அது பேலன்ஸுக்காகப் பொருத்தியது. எடுத்தால் நிரந்தர அதிர்வுதான். காற்று அடித்துச் சுத்தம் செய்யும்போது ஃபேனைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். தானாகச் சுற்றவிட்டால் அளவுக்கு மீறிய வேகத்தில் புஷ் கெடும். எலிக்கூடு இருந்தால் முகக்கவசம் அணிந்து, கிருமிநாசினி தெளித்து நனைத்த பிறகே அள்ளுங்கள்.

புது மோட்டார் வாங்கினால், பழையதையும் அருகில் வைத்து ஷாஃப்ட் தடிமன், நீளம், சுற்றும் திசை மூன்றையும் ஒப்பிடுங்கள். வயர் மாறி இணைந்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும். அப்போதும் முன்பக்கம் காற்று வரும், ஆனால் பலவீனமாக, இரைச்சலோடு. பலர் இதை ஏசி கேஸ் குறைவு என்று நினைத்து கேஸ் ஏற்றிக் காசை விடுகிறார்கள்.

இறுகிப்போன மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும். ஃபியூஸ் போகிறதே என்று பெரிய ஃபியூஸ் போட்டால் கப்ளரும் வயரும் உருகும், தீப்பிடிக்கவும் கூடும். அதில் விளையாடவே கூடாது.

மோட்டாரில் துருவோ நீர்க்கறையோ தெரிந்தால், வைப்பர் அடியிலுள்ள கிரில்லில் சருகு அடைத்து மழைநீர் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் புது மோட்டாரைப் பொருத்தினால் அடுத்த மழைக்காலத்தில் அதுவும் போகும். மோட்டார் வெளியே இருக்கும்போதே சருகை அள்ளிவிட்டு, கிரில்லில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். வண்டிக்குக் கீழே வடிகிறதா, ப்ளோயர் துளைக்குள் சொட்டுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகு மாட்டுங்கள்.