ஃப்ரண்ட்எண்டா, பேக்எண்டா, டேட்டாவா, டெஸ்டிங்கா? நான்கு வாரத்தில் கண்டுபிடிக்கும் வழி

கல்லூரி முடிக்கப்போகிற தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "அண்ணா, ஐடியில் எதைப் படித்தால் வேலை கிடைக்கும்?" நான் படித்த காலத்தில், அறைத் தோழன் சேர்ந்தான் என்பதற்காகவே ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். மூன்று மாதம் ஸ்லைடு பார்த்ததுதான் மிச்சம், சொந்தமாக ஒரு நிரல்கூட எழுதவில்லை. கட்டிய பணம் அப்பாவுடையது. அது இன்றும் உறுத்துகிறது. அதனால், எங்கேயும் பணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். ஒரு பழைய மடிக்கணினியும் தினமும் ஒன்றரை மணி நேரமும் போதும்.

படி 1: ஒரே ஒரு சின்ன வேலை

தெருமுனை மளிகைக் கடையின் கடன் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், தேதி, தொகை, பற்றா வரவா. அவ்வளவுதான். அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டு நோட்டைப் பார்த்து, ஆட்களின் பெயரை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். நான்கு வாரமும் இதே நோட்டுதான். வாரத்துக்கு ஒரு புதுத் தலைப்பு எடுத்தால், பிடித்தது அந்தத் தலைப்பா, வேலையின் வகையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

படி 2: முதல் வாரம், முகப்பு (ஃப்ரண்ட்எண்ட்)

பயன்படுத்துகிறவர் கண்ணில் படும் பக்கம்தான் முகப்பு. அதைச் செய்ய எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் வேண்டும். கடன் எழுதும் பக்கத்தை போனில் தெரியும்படி செய்து அண்ணாச்சி கையில் கொடுங்கள். எழுத்து சின்னதாக இருக்கிறது என்பார், பொத்தான் விரலுக்குச் சிக்கவில்லை என்பார். மறுபடி மாற்றிக் கொடுக்கத் தோன்றுகிறதா, எரிச்சல் வருகிறதா? அதை ஒரு வரியில் குறித்து வையுங்கள். நான்கு வாரமும் தினமும் இப்படி ஒரு வரி.

படி 3: இரண்டாம் வாரம், பின்பக்கம் (பேக்எண்ட்)

திரைக்குப் பின்னால் தகவலைச் சேமித்துக் கணக்குப் போடும் பகுதிதான் பின்பக்கம். பைத்தான் என்ற நிரல் மொழியை நிறுவினால், எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தைப் பயன்படுத்தும் வசதியும் கூடவே வந்துவிடும். உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் இதே தரவுத்தளம்தான் வேலை செய்துகொண்டிருக்கிறது. நோட்டை அதில் சேமித்து, ஒருவரின் பாக்கியைக் கூட்டிச் சொல்ல வையுங்கள்.

இங்கே கொஞ்சம் நின்று போகலாம். பைத்தானில் 0.1 + 0.2 என்று தட்டிப் பாருங்கள். 0.30000000000000004 என்று வரும். கணினி தசம எண்களை இரண்டின் அடுக்குகளாக வைத்துக்கொள்வதால், 0.1 அதற்குள் சரியாக அடங்காது. கடைக் கணக்கில் இப்படி ஒரு பைசா பிசகினாலும் தப்புதான். அதனால் ரூபாயைப் பைசாவாக மாற்றி முழு எண்ணாகச் சேமியுங்கள்: 12.50 ரூபாய் என்றால் 1250. இதைப் படிக்கும்போது "அட, ஏன் அப்படி?" என்று உங்களுக்குள் ஆர்வம் எழுந்தால், பின்பக்க வேலை உங்களுக்கு ஒத்துவர நல்ல வாய்ப்பு உண்டு.

படி 4: மூன்றாம் வாரம், தரவு

எந்த நாளில் கடன் அதிகம், யார் மெதுவாகத் திருப்பித் தருகிறார்கள் என்று, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் எழுதிக் கண்டுபிடியுங்கள். 'முருகன்', 'முருகன் அண்ணன்', 'மு.' மூன்றும் ஒரே ஆளா என்று தீர்ப்பதிலேயே பாதி வாரம் போய்விடும். டேட்டா வேலையில் பெரும்பகுதி இந்தத் துப்புரவுதான். இதற்குப் பொறுமை இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: நான்காம் வாரம், உடைத்துப் பார்ப்பது

டெஸ்டிங் என்றால் வேறு வேலை கிடைக்காதவர்கள் போகிற இடம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. தொகையில் -50 போடுங்கள். தேதியில் பிப்ரவரி 31 போடுங்கள். அப்புறம், பெயருக்கு 10 எழுத்து என்று வரம்பு வைத்து 'பாலசுப்பிரமணியன்' என்று எழுதுங்கள். நம் கணக்கில் அந்தப் பெயர் சரியாக 10 எழுத்து. ஆனால் கணினியில் எழுத்துகளை எண்களாகக் குறிக்கும் முறையான யூனிகோடு, துணைக்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால், கணினிக்கு அது 16. ஆகவே 'பாலசுப்பிர' என்று வெட்டுப்பட்டு நிற்கும். தன் பெயர் பாதியில் நிற்பதைப் பார்க்கிறவருக்கு எப்படி இருக்கும்! இதைக் கண்டுபிடிக்கும் கண் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இந்த நான்கு வாரமும் நிரலை நீங்களே எழுதுங்கள். பிழைச் செய்தி புரியவில்லை என்றால் ஏஐயிடம் விளக்கம் கேட்கலாம், நிரலை எழுதித் தரச் சொல்ல வேண்டாம். கை வலித்தால்தான் பிடிக்கிறதா இல்லையா என்று தெரியும்.

படி 6: முடிவெடுப்பது

தினமும் ஒரு வரி எழுதி வைத்திருப்பீர்கள் அல்லவா, அதைப் படியுங்கள். எல்லாம் சரியாக ஓடிய நாள் எல்லோருக்கும் பிடிக்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். மாட்டிக்கொண்ட பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தது எந்த வாரத்தில்? உங்கள் பக்கம் அதுதான்.

சரி, இனி சந்தையைப் பார்க்கலாம். நீங்கள் போக நினைக்கும் ஊரில், புதியவர்களுக்கான 30 வேலை விளம்பரங்களைத் திரட்டி, எந்தத் திறன் எத்தனை முறை வருகிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள். உங்கள் பக்கத்துக்கு விளம்பரம் குறைவாக இருந்தால், எஸ்க்யூஎல்லை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பேக்எண்ட், டேட்டா, டெஸ்டிங் மூன்றிலும் அது கைகொடுக்கும், பின்னால் பக்கம் மாறவும் உதவும்.

படி 7: ஆறு மாதம் ஆழமாக

ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற இணையவழி கணினி அறிமுகப் பாடம் இலவசம். ஐஐடி ஆசிரியர்கள் நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்களும் இலவசம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். உங்கள் கடன் நோட்டு நிரலை, நிரல்களை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றி, பைசா பிசகியதையும் பெயர் வெட்டுப்பட்டதையும், எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதையும் அதிலேயே எழுதிவையுங்கள். நேர்காணலில் பேச உங்களிடம் சொந்தச் சரக்கு இருக்கும்.

வேலை கிடைத்ததும் கையெழுத்துக்கு முன் பாண்ட் (இத்தனை காலம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்) எத்தனை மாதம், இடையில் விலகினால் எவ்வளவு என்று கேளுங்கள். வேலை தர வைப்புத்தொகை கேட்டால் கட்டாதீர்கள். மதிப்பெண் பட்டியலின் அசலைச் சரிபார்க்கக் காட்டிவிட்டு அப்போதே திரும்ப வாங்கிக்கொண்டு, நகலை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள்.