சாட்ஸ்வொர்த்துல ரூம் தேடுறீங்களா? கீசர் பத்தி மொதல்லயே பேசிருங்க

தென்னாப்பிரிக்கால இருக்குற டர்பனுக்கு வேலைக்கோ படிக்கவோ வர்ற நம்ம ஊர் பசங்க மாசத்துக்கு ரெண்டு பேராவது எங்கிட்ட கேக்குறாங்க, அண்ணே கம்மி வாடகைல ரூம் கெடைக்குமான்னு. தனி ஃப்ளாட் எடுத்தா சம்பளத்துல பாதி அதுக்கே போயிரும். அதனால நான் சொல்றது ஒண்ணுதான், நம்மாளுங்க நெறைய இருக்குற சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் ஏரியா பக்கம் வயசானவங்க தனியா இருக்குற வீட்ல ஒரு ரூம் எடுங்க. பிள்ளைங்க ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்), ஆஸ்திரேலியான்னு போயிருப்பாங்க, மூணு ரூம் வீட்ல ஆயா மட்டும் இருப்பாங்க (இங்க பாட்டிய ஆயான்னுதான் கூப்புடுறாங்க). வாடகை வந்தா அவங்க கரண்டு, மருந்து செலவுக்கு ஆகும், ராத்திரில வீட்ல இன்னொரு ஆள் நடமாட்டம் இருக்குங்கிறது அதவிட பெருசு.

இது ஒண்ணும் புதுசு இல்ல. அமெரிக்கால மேகி குன்னுன்னு ஒரு அம்மா, 65 வயசாச்சுன்னு வேலைய விட்டு அனுப்புன கோவத்துல 1970ல கிரே பாந்தர்ஸ்னு வயசானவங்களுக்காக ஒரு இயக்கமே ஆரம்பிச்சவங்க, பிலடெல்பியால தன் வீட்லயே சின்ன வயசு ஆளுங்கள சேத்துக்கிட்டு இருந்தாங்க, மத்தவங்களுக்கும் இப்படி ஆள் சேத்துவிட ஒரு அமைப்பும் தொடங்குனாங்க. நமக்கு அமைப்பெல்லாம் எதுக்கு, கோயில் இருக்கே. வெள்ளிக்கிழம பூஜைக்கு ரெண்டு வாரம் போங்க, பந்தில பரிமாற ஒரு கை குடுங்க, அப்புறம் அங்க இருக்குற ஆன்ட்டிங்ககிட்ட ரூம் வேணும்னு வாய விட்டு சொல்லுங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள மூணு வீடு வந்துரும். நான் மொதல்ல ஆன்லைன் விளம்பரம் பாத்து, ரூம பாக்காமயே 1,500 ரேண்ட் (இந்த ஊர் காசு) அட்வான்ஸ் அனுப்பிட்டு பெட்டியோட போய் நின்னேன், அந்த அட்ரஸ்ல இருந்தது டயர் கடை. பாக்காம காசு அனுப்பாதீங்க, அவ்ளோதான்.

ரூம் பாக்க பகல்ல போங்க. ஜன்னல்ல பர்க்லர் கார்ட் (திருடன் வராம கம்பி) இருக்கா, கேட் ரிமோட் ஒங்களுக்கு ஒண்ணு தருவாங்களா, தண்ணி நின்னா ஜோஜோ டாங்க் (தண்ணி சேத்து வைக்கிற பிளாஸ்டிக் தொட்டி) இருக்கா, டாக்ஸி ஸ்டாப்புக்கு எவ்ளோ தூரம், இதெல்லாம் பாருங்க. பாஸ்போர்ட், விசா காப்பி கேப்பாங்க, முகம் சுளிக்காதீங்க, விசா இல்லாத ஆளுக்கு ரூம் விட்டா சட்டப்படி மாட்டுறது அவங்கதான். இன்னொண்ணு, யாரும் இத சொல்லமாட்டாங்க, ஆயாவோட பிள்ளைங்ககிட்ட ஒரு வாட்ஸ்அப் வீடியோ கால் போட்டு பேசிட்டு குடி போங்க. நான் குடியிருக்குற வீட்டு ஆயா குடும்பத்த, இனவாரியா எடம் பிரிச்சு குடி வச்ச குரூப் ஏரியாஸ் சட்டத்துல, டர்பன்லயே கேட்டோ மேனர்ங்கிற ஏரியால இருந்து கிளப்பி இங்க கொண்டுவந்து விட்டாங்க, 1960கள்ல. அதனால வீட்ட வித்துட்டு எங்ககூட வந்துருன்னு மகன் சொன்னா ஆயாவுக்கு பொத்துக்கிட்டு வரும், "ஒரு தடவ எந்திரிச்சது போதும்"பாங்க. மகனுக்கு என்ன பயம்னா, யாரோ ஒரு பையன் வந்து வீட்ட அமுக்கிருவானோன்னு. நான் பேசுனதுக்கு அப்புறம்தான் அவருக்கு மூச்சே வந்துச்சு.

பேப்பர்ல எழுதிக்கோங்க, ஒரு பக்கம் போதும். 1999ல வந்த ரெண்டல் ஹவுசிங் சட்டப்படி நீங்க கேட்டா வீட்டுக்காரங்க எழுதித் தரணும், டெபாசிட்ட வட்டி வர்ற அக்கவுண்ட்ல போடணும், குடி வரும்போதும் போகும்போதும் ரெண்டு பேரும் சேந்து ரூம பாக்கணும், பாக்கி எதுவும் இல்லன்னா ஒப்பந்தம் முடிஞ்ச 7 நாளுக்குள்ள டெபாசிட் திரும்பி வரணும். தகராறுன்னா ரெண்டல் ஹவுசிங் ட்ரிப்யூனல் இருக்கு, அங்க ஃபீஸ் கெடையாது. கோர்ட் ஆர்டர் இல்லாம யாரும் ஒங்கள வீட்ட விட்டு தூக்கிப் போடவும் முடியாது. ஆனா ஒரு மாச நோட்டீஸ்னு ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டா இதுக்கெல்லாம் வேலையே வராது.

இப்ப கீசர். ப்ரீபெய்ட் மீட்டர் தெரியும்ல, காசு கட்டுனா 20 இலக்க நம்பர் ஒண்ணு வரும், அத தட்டுனா யூனிட் ஏறும். மொத மாசம் கீசர நான் பாட்டுக்கு நாள் பூரா ஓட விட்டேன், ஊர்ல ஹீட்டர் போட்டு குளிச்சிட்டு ஆஃப் பண்ற பழக்கம்தான், ஆனா இங்க சுவிட்ச் டிபி போர்டுல (வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டி) இருக்குன்னு எனக்கு தெரியாது. 18ஆம் தேதியே யூனிட் அடில வந்துருச்சு. ஆயா ஒரு வார்த்த சொல்லல. மூணு நாள் கழிச்சு விடியக்காலைல தண்ணி குடிக்க எந்திரிச்சா, அவங்க கேஸ் அடுப்புல ஒரு சட்டி தண்ணி வச்சு, அது சுடுறதுக்காக ஷால போத்திக்கிட்டு நின்னுட்டிருக்காங்க, குளிக்கிறதுக்கு. அன்னிக்கு போய் ஒரு டைமர் வாங்கி ஆள் வச்சு மாட்டுனேன். அதனாலதான் சொல்றேன், கரண்டுக்கு யார் எவ்ளோ, கீசர் எத்தன மணிக்குன்னு மொத நாளே பேசிருங்க, வயசானவங்க வாய் தொறந்து கேக்கமாட்டாங்க.

சமையல் கட்டும் அப்படித்தான். செவ்வாய், வெள்ளி கவிச்சி வேணாம்னு நெறைய வீட்ல இருக்கு, புரட்டாசில மாசம் பூராவும் கெடையாது, இங்க தமிழங்க அத நம்ம ஊரவிட கண்டிப்பா பாக்குறாங்க. பீஃப் சாப்புடுறவங்களா இருந்தா வெளிய முடிச்சிட்டு வந்துருங்க, அவங்க சட்டில வேணாம். "ஹெர்ப்ஸ் பறிச்சிட்டு வா"ன்னு சொன்னா முழிக்காதீங்க, கீரைய அப்படித்தான் சொல்றாங்க.

வாடகைய கொறைச்சிட்டு அதுக்கு ஒத்தாசை பண்றதுன்னா அதையும் எழுதுங்க. எனக்கு 2,800 ரேண்ட், அதுக்கு மேல சனிக்கிழம பங்களாதேஷ் மார்க்கெட்டுல காய் தூக்கிட்டு வர்றது, மாசம் ஒரு தடவ ஆஸ்பத்திரிக்கு கூடப் போறது. ராத்திரில பாத்துக்குற நர்ஸ் வேல நம்மளுதில்லன்னு மகன்கிட்ட மொதல்லயே சொல்லிட்டேன், அவரும் சரின்னாரு.

பழக்கம் எப்ப ஒட்டுச்சுன்னு கேட்டா, ஒரு நாள் ஆயா நோட்டு ஒண்ண கொண்டுவந்து முன்னாடி வச்சாங்க. சாமி பாட்டெல்லாம் இங்கிலீஷ் எழுத்துல எழுதி வச்சிருக்காங்க, தமிழ் படிக்கத் தெரியாது, அறுபது வருசமா அர்த்தம் தெரியாமயே பாடுறாங்களாம். கழல்னா என்னன்னு கேட்டாங்க. எனக்கும் சட்டுன்னு வரல, ஊர்ல எங்கம்மாவுக்கு போன் போட்டேன், இப்ப அவங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழம ஒரு மணி நேரம் பேசுறாங்க, என்ன போன் பிடிக்க மட்டும் வச்சிக்கிட்டு.

எங்க தெருவுல அடுத்த மாசம் ஒரு ரூம் காலியாகுது. அந்த ஆயா வீட்லயும் கீசர் டைமர் இருக்கு. நாய் ஒண்ணு இருக்கு, கடிக்காது, செருப்ப மட்டும் உள்ள வச்சிருங்க.